மல்லாட்டைக்கு 30 டாலர்

கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். அங்கிருந்து செஞ்சி வழியாகப் பஸ் பிடித்தால் திண்டிவனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். டி.எம்.வி. என்று பெயர் தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கே உருவானவைதான்.

இது மாதிரி அரசு நிலையங்களில், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி வெளிநாட்டுப் பதிப்பகத்தின் இதழில் கட்டுரையாக வந்துவிட்டால் போச்சு. எழுதியவருக்குக் காசு கிடையாது. சரிபார்த்துக் கொடுக்கும் சக விஞ்ஞானிக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆனால் இலைப்புள்ளி நோயைப் பற்றிப் படிக்க நினைக்கும் கீழ்பென்னாத்தூர் மாணவன் ஒரு கட்டுரைக்கு 30 டாலர், சில சமயம் அதற்கும் மேலே கட்ட வேண்டும். என்ன நியாயமோ!

"அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்துடுச்சே" என்பார்கள். வந்தது உண்மை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளைச் சேர்க்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் ஏகப்பட்ட பேர் கடன் வாங்கிப் படிப்பது அங்கேதானே? படிப்பை முடித்தவர், பள்ளி ஆசிரியர், மல்லாட்டை போடுகிற விவசாயி எல்லோரும் கேட்டுக்கு வெளியேதான்.

குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது. சை-ஹப் மீது எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு.

நேர்வழிகள் இல்லாமல் இல்லை. கூகிள் ஸ்காலரில் தலைப்புக்குக் கீழே மற்ற பிரதிகளுக்கான சுட்டி இருக்கும். எழுதியவரே இலவசமாக ஏற்றி வைத்த பிரதி பல நேரம் அதில் மாட்டும். அன்பேவால் என்ற நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால் அதுவே தேடித் தரும். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. எதுவும் சரிவரவில்லையா? எழுதியவருக்கே ஒரு மெயில், இரண்டு வரி போதும். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

ஆனால் ஏற்கெனவே காசு கொடுத்த பொருளை ஏன் கெஞ்சி வாங்க வேண்டும்? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே ஒரு கொள்கை வெளியிட்டன. தங்கள் நிதியில் எழுதப்படும் கட்டுரைகளின் பிரதி, யாரும் படிக்கும்படி பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்று. அதைக் கறாராக அமல்படுத்தச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. அடுத்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு வருபவரிடம், போன கட்டுரையின் பிரதி எங்கே என்று கேட்டால் போதும்.