பிரையாரிட்டி தேதிக்காகக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகள்: பண்பொழி பெற்றோர் சங்கத்தின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர்,
வெளிநாட்டில் பணிபுரிவோரின் பெற்றோர் சங்கம்,
பண்பொழி, செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
இந்திய வெளியுறவு அமைச்சகம், புது தில்லி.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தென்காசி.

பொருள்: அமெரிக்க வேலைவாய்ப்புக் குடியேற்ற விசா – இந்தியாவில் பிறந்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் – 2007ஆம் ஆண்டின் முன்னுதாரணப்படி கிரீன் கார்டு விண்ணப்பங்களை ஏற்குமாறு அமெரிக்க அரசை வலியுறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து எங்கள் சங்கம் முன்னர் அளித்த மனுக்களும் நினைவூட்டல் கடிதங்களும்.

ஐயா,

பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், இலஞ்சி வட்டாரத்திலிருந்து அமெரிக்கா சென்று பணிபுரிவோரின் பெற்றோர் நாங்கள்.

பார்வையில் கண்ட மனுக்கள் இன்று எந்தக் கோப்பில் உள்ளன என்று அறியோம். ஆகவே அவற்றில் கூறியதை மீண்டும் முழுமையாக எழுதுகிறோம்.

முதல் மனுவில் கூறியது: 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வேலைவாய்ப்பு வகையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 விசாக்களை ஒதுக்கியது. மனைவி மக்களும் இந்த எண்ணிக்கைக்குள்தான் அடக்கம். ஒரு நாட்டில் பிறந்தோருக்கு 7 சதவீதமே உச்சவரம்பு; பிறருக்குப் போக மிஞ்சினால்தான் கூடுதல். பார்க்கப்படுவது குடியுரிமை அன்று, பிறந்த நாடு. பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றுக்கு நிறுவனம் விண்ணப்பித்த நாளே பிரையாரிட்டி தேதி. அமெரிக்க அரசு அறிவிக்கும் வரம்புத் தேதி அந்த நாளை எட்டும்வரை, நிறுவனம் அளித்த ஐ-140 குடியேற்ற மனு ஏற்கப்பட்டவரும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க இயலாது.

இரண்டாம் மனுவில் கூறியது: அந்த வரம்புத் தேதி முன்னே மட்டும் நகர்வதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாதாந்திர விசா புல்லட்டினில், இந்தியாவுக்கான இ.பி.2 (உயர்பட்டம் பெற்றோர்) வகை 2022 செப்டம்பரில் 2014 டிசம்பர் 1 வரை வந்திருந்தது. அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1-க்குப் பின்வாங்கியது. 2023 ஏப்ரலில் 2011 ஜனவரி 1-க்குப் போனது. 2025 அக்டோபர் புல்லட்டினில்கூட 2013 ஏப்ரல் 1-ஐத்தான் எட்டியது. மூன்றாண்டுக்கு முன் நின்ற இடத்துக்கே அப்போதும் திரும்பவில்லை. மாதந்தோறும் எங்கள் வீடுகளில் போனை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "டேட் நகர்ந்ததா?" என்பதுதான்.

நினைவூட்டல்களுக்குப் பின் ஓர் அலுவலகத்தில் நேரில் கேட்டபோது, "அது அவங்க நாட்டுச் சட்டம், நாம தலையிட முடியாது" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் ஒரு வரியும் வரவில்லை. அந்த வாய்மொழிக்கு விடையாகவே கீழ்க்கண்ட முதல் கோரிக்கையை விரித்து எழுதுகிறோம்.

கோரிக்கை 1: 2007 ஜூலையில் செய்ததை மீண்டும் செய்யுமாறு அமெரிக்க அரசிடம் இந்திய அரசு முறைப்படி கேட்க வேண்டும்.

நாங்கள் சட்டத் திருத்தம் கேட்கவில்லை. 7 சதவீத வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் அவையில் 365-க்கு 65 என நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் தன் வடிவம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றுசேராமல் காலாவதியாகின. அது அவர்கள் நாடாளுமன்றத்தின் பாடு. நாங்கள் கேட்பது, இருக்கும் சட்டத்துக்குள்ளேயே அவர்களது நிர்வாகம் ஏற்கெனவே ஒருமுறை செய்து காட்டியதை.

2007 ஜூலை மாதப் புல்லட்டின், தொழில்வல்லுநர் வகைகள் அனைத்தையும் எல்லா நாட்டவருக்கும் திறந்தது. ஜூலை 2 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. விண்ணப்பத்தோடு நின்றவர்கள் கலகம் செய்யவில்லை. குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கோன்சாலஸுக்குக் காந்தி வழியில் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காயமுற்றிருந்த வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17 அன்று முடிவு மாறியது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன.

அன்று விண்ணப்பித்தவர்களுக்கு உடனே கிரீன் கார்டு கிடைத்துவிடவில்லை. இந்தியர் பலர் அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஆனால் வேலை அனுமதியும், விசா முத்திரை இல்லாமலே ஊர் வந்து திரும்பும் பயண அனுமதியும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தனர். இன்று எங்கள் பிள்ளைகளிடம் இல்லாதவை இவ்விரண்டும்தான்.

இல்லாததால் நேர்வது என்ன? சாரல் காலத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் காலமானார். ஒரே மகன் அமெரிக்காவில். எச்1பி எனும் தற்காலிக வேலை விசாவுக்கான நீட்டிப்பு கையில் இருந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. வந்தால், புது முத்திரை பெறும் ஸ்டாம்பிங் முடியாமல் திரும்ப முடியாது. வேலை போனால் அங்கே இருக்கும் உரிமையே போகும். நீர்மாலை எடுத்து வந்தது முதல் எல்லாவற்றையும் அவன் செல்போனில் பார்த்தான். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். 2025 டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளைப் பரிசோதிக்கும் நடைமுறை எச்1பிக்கும் வந்தபின், இந்தியாவில் பலரது நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போய், நிலைமை மேலும் இறுகிவிட்டது.

பேரப்பிள்ளைகளின் நிலை இதனினும் கொடிது. கைக்குழந்தையாகத் தென்காசியிலிருந்து ரயிலேறிய பேத்திக்கு 21 வயது நிறைந்தால், பெற்றோரின் வரிசையில் அவளுக்கு இடமில்லை. அவர்கள் அங்கே இருக்க, அவள் மாணவர் விசா தேட வேண்டும் அல்லது நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். தேதி திறந்திருக்கும்போது விண்ணப்பித்துவிட்டால், 2002ஆம் ஆண்டின் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டக் கணக்கில் வயது அங்கேயே நிற்கும். பின்னர் தேதி பின்வாங்கினாலும் அந்தக் கணக்கு குலையாது. ஒரு மாதம் கதவு திறந்தாலும் போதும் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

கேட்டால் நடக்காது என்பதும் சரியன்று. 2023 ஜூனில் பிரதமர் வாஷிங்டன் சென்றபோது வெளியான கூட்டறிக்கையில், விசாவை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பிக்கும் சோதனைத் திட்டம் இடம்பெற்றது. 2024 தொடக்கத்தில் 20,000 இடங்களுடன் அது நடந்தேறியது. பேசினார்கள், நடந்தது. 2007ஐயும் பேசுங்கள் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

கோரிக்கை 2: மேற்கண்ட உள்நாட்டு விசா புதுப்பிப்பை நிரந்தரமாக்க வலியுறுத்த வேண்டும்.

கோரிக்கை 3: இந்தியா – அமெரிக்கா இடையே சமூகப் பாதுகாப்பு உடன்பாடு காண வேண்டும். பத்தாண்டுப் பங்களிப்பு நிறைவதற்குள் திரும்புவோர் செலுத்திய தொகைக்கு ஓய்வூதியப் பலன் இல்லை.

கோரிக்கை 4: கிரீன் கார்டுக்குத் தேவையான பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்தல், பிறப்புப் பதிவு இல்லை எனும் சான்று வழங்கல் ஆகியவற்றைப் பேரூராட்சி, வட்டாட்சியர் அலுவலகங்களில் காலவரம்புடன் முடிக்க வேண்டும்.

கோரிக்கை 5: மாவட்ட ஆட்சியரகத்தில் அயலகத் தமிழர் குடும்பங்களுக்கு உதவி மையம் அமைக்க வேண்டும்.

முதல் கோரிக்கை எந்தப் பேச்சுவார்த்தையில் எடுத்துரைக்கப்படும், அல்லது என்ன காரணத்தால் எடுத்துரைக்கப்படாது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வாய்மொழிப் பதிலை இச்சங்கம் இனிப் பதிலாகக் கொள்ளாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

நகல்: தென்காசி நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள்.