மாலை போட்டால் போதுமா?

போன வாரம் எங்கள் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மரணச் செய்தி வந்தது. பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்தவர், எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். அரை மணி நேரத்தில் முப்பது பேர் கைகூப்பிய படம் போட்டுவிட்டார்கள். அவர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வாடிக்கையாளர் இறந்தால் தொழில் செய்கிறவன் சொல்ல வேண்டிய இரங்கல், 'எங்களிடமிருந்து உங்களுக்கு இவ்வளவு வர வேண்டும்' என்பதுதான். கடன் கொடுத்தவன் தானாகவே வீடு தேடி வந்துவிடுவான். தர வேண்டியவன்தான் வாயைத் திறக்க மாட்டான்.

என் அப்பா புளி மண்டியில் கணக்கெழுதினார். மரம் குத்தகைக்கு எடுத்துப் புளி போடுகிறவர் யாராவது இறந்தால், முதலாளி அரிசி மூட்டையோடு துக்கம் கேட்கப் போவார். பற்று இருந்தால் கருமாதி முடியும்வரை பேச்சே எடுக்க மாட்டார். வரவு இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவார். அவர் ஒன்றும் மகான் இல்லை, எடையில் கொஞ்சம் அடிப்பார். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒழுங்கு.

நான் அப்படி இருக்கவில்லை. மாரண்டஅள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் இறந்தபோது கிளை சார்பில் பெரிய மாலை வாங்கிப் போய்ப் போட்டேன். அடுத்த மாதம் அவர் மனைவி பாஸ்புக்கோடு வந்தார். கணக்கில் நாமினி அவர்தான். இருந்தும் 'வாரிசுச் சான்றிதழ் வாங்கி வாங்கம்மா' என்று தாலுகா ஆபீசுக்கு அனுப்பினேன். நாலு முறை பஸ் ஏறி வந்தார். நாமினி இருந்தால் வாரிசுச் சான்று கேட்கக் கூடாது, மனுவும் இறப்புச் சான்றும் கிடைத்த 15 நாளில் பணத்தைக் கொடு என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அது என் மேசை டிராயரிலேயே இருந்தது.

'நாளைக்கு வேறு வாரிசு வந்து சண்டை போட்டால்?' என்று பழைய சகாக்கள் கேட்பார்கள். கோர்ட் தடை இல்லாதபோது நாமினிக்குக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. பங்குச் சண்டையை அவர்கள் கோர்ட்டில் பார்த்துக்கொள்வார்கள். நாம் பயந்தது சட்டத்துக்கு இல்லை, ஆடிட்டுக்கு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது உத்தரவே போட்டுவிட்டது: வங்கியின் தவறால் 15 நாள் தாண்டினால், வங்கி வீதத்துக்கு மேல் 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். மனதில் வராத இரக்கம் வட்டிக்குப் பயந்தாவது வரட்டும்.

இன்னொன்று. இறந்தவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது அநேகமாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயது வரை எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்தால் அதிலும் 2 லட்சம். கையெழுத்துப் போட்டதை வீட்டில் சொல்லாமலே போனவர்கள் ஏராளம். கவுண்டரில் இருப்பவர் ஒரு நிமிடம் திரையைப் பார்த்துச் சொன்னால் போதும்.

இதையெல்லாம் நேற்று அந்தக் குழுவில் எழுதினேன். அதற்கும் இரண்டு பேர் கைகூப்பிய படம் போட்டிருக்கிறார்கள்.