பயிற்சியிலேயே தொடங்கட்டும்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதுவரை கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் கைகொடுத்தன. ஆனால், இணையவழியில் பாடம் நடத்தும் பயிற்சி பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. அந்தக் குறை இனியும் தொடரக் கூடாது.

இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளிக் களப்பயிற்சிக்கு 20 வாரங்கள் உண்டு. அவற்றில் ஒரு வாரமாவது உண்மையான மாணவர்களுக்கு இணையத்தில் வகுப்பெடுக்கச் செலவாகட்டும். செயலியைத் திறக்கக் கற்பது எளிது, ஒருநாள் போதும். ஏழு வயதுக் குழந்தையைப் பத்து நிமிடத்துக்குமேல் திரைமுன் உட்காரவைக்காமல், புளியங்கொட்டைகளை எண்ணச் சொல்லி அனுப்பத் தெரிவதுதான் கடினம். பதினான்கு வயது மாணவி கேமராவை அணைத்தால் அதை ஒழுங்கீனம் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஒற்றை அறை வீட்டைத் தோழிகளுக்குக் காட்டக் கூசியிருக்கலாம். அப்பா வேலைக்கு எடுத்துப்போன ஒரே கைபேசி இரவில்தான் வீடு திரும்பும் என்றால், பாடம் அந்த நேரத்துக்கும் காத்திருக்க வேண்டும். வளரிளம் பருவத்தினரோடு தனிச்செய்தியில் பேசும் வரம்புகளையும் பயிற்சியிலேயே உறுதியாகச் சொல்லித்தர வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

பாடத்திட்டத்தை வகுக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.