'நெட்ல இருக்குறது எல்லாருக்கும் பொதுதானே?' - ஒரு பத்திரிகையையே மூடவைத்த ஆப்பிள் டார்ட்!

அமெரிக்காவைச் சேர்ந்த மோனிகா கௌடியோவுக்குப் பழங்காலச் சமையலில் ஆர்வம் அதிகம். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஆப்பிள் டார்ட் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப்பிடித்து, 2005-ல் இணையத்தில் ஒரு கட்டுரை எழுதினார்.

ஐந்து வருடம் கழித்து, பத்திரிகையில் கட்டுரை வந்திருப்பதாக நண்பர் ஒருவர் அவரை வாழ்த்தினார். மோனிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எந்தப் பத்திரிகைக்கும் கட்டுரை அனுப்பவில்லையே!

'குக்ஸ் சோர்ஸ்' என்ற சிறிய சமையல் பத்திரிகை, கேட்காமலேயே அதை எடுத்து அச்சிட்டிருந்தது. மோனிகா சண்டைக்குப் போகவில்லை. அவர் கேட்டது மன்னிப்பும், ஓர் இதழியல் கல்லூரிக்கு 130 டாலர் நன்கொடையும்தான்.

வந்த பதில்தான் அவரை அதிரவைத்தது. இணையத்தில் இருப்பது பொதுச்சொத்து, வேறு யார் பெயரும் போடாததற்கு அவர் சந்தோஷப்பட வேண்டும், கட்டுரையைத் திருத்திக் கொடுத்ததற்கு அவர்தான் பணம் தர வேண்டும் என்ற ரீதியில் எழுதியிருந்தார் ஆசிரியர்.

மோனிகா அதை அப்படியே இணையத்தில் போட்டார். கொதித்த வாசகர்கள் பழைய இதழ்களைப் புரட்ட, இன்னும் பல 'சுட்ட' கட்டுரைகள் சிக்கின. விளம்பரதாரர்கள் விலகினார்கள். 2010 நவம்பரிலேயே பத்திரிகை மூடப்பட்டது.

பெயர் போட்டால் போதாதா?

போதாது. பெயர் போடுவது மரியாதை. அனுமதி வாங்குவதுதான் சட்டம். இந்தியாவின் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும்.

ரெசிப்பி எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'உளுந்து ஒரு கப், அரிசி நாலு கப்' என்ற வெறும் பொருள் பட்டியலுக்குப் பொதுவாக யாரும் உரிமை கோர முடியாது. ஆனால், நீங்கள் விவரித்து எழுதிய வரிகளும், எடுத்த போட்டோவும் உங்களுடையவை.

உங்கள் பதிவை யாராவது சுட்டுவிட்டால்...

* முதலில் ஸ்க்ரீன்ஷாட். லிங்க், தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். கேள்வி கேட்ட பிறகு எடுக்கலாம் என்றால், அதற்குள் பதிவை அழித்துவிடலாம்.

* உங்கள் ஒரிஜினல் ஃபைல், முதலில் வெளியிட்ட தேதி இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

* எடுத்தவருக்கு நிதானமாக எழுதுங்கள். தெரியாமல் செய்தவர்கள் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள்.

* மசியாவிட்டால், ஃபேஸ்புக், யூடியூப் போன்ற தளங்களில் இருக்கும் காப்பிரைட் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். 2013-ம் ஆண்டு இந்திய விதிகளின்படி, எழுத்துப்பூர்வ புகாரில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். இந்த முடக்கம் 21 நாள்களுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால், பதிவு மீண்டும் தலைகாட்டலாம். எனவே, பெரிய இழப்பு என்றால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வேண்டுமென்றே செய்த திருட்டு என்று நிரூபணமானால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. ஃபார்வர்டு செய்வதற்கு முன் 'எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று ஒரு மெசேஜ் போதும். அந்தப் பத்திரிகையின் பிரச்னையும் ஒரு 'ஸாரி'யோடும் 130 டாலரோடும் முடிந்திருக்கும்!