அந்த அழைப்பை வேற ஆர் கேட்டது?

வாலிபர் முகாம் என்றால் அதுக்கு ஒரு கடைசி இரவு இருக்கும். மூன்று நாளாய் ஒருத்தருக்கும் சரியான நித்திரை இல்லை. லைட்டைக் குறைப்பினம். கீபோர்ட்டில் அதே நாலு கோர்ட்ஸ் சுத்திச் சுத்தி வரும். மேடையில் நிற்கிற அண்ணா குரலைத் தாழ்த்தி, "இண்டைக்கு ராத்திரி கர்த்தர் உன்னை ஊழியத்துக்குக் கூப்பிடுறார் எண்டா கையைத் தூக்கு தம்பி, பக்கத்தில ஆரையும் பாக்காத" என்பார். கைகள் எழும்பும். பின்னுக்கு நின்று ஒருவர் எண்ணுவார். விடிய வட்ஸ்அப் குறூப்பில் போட்டோவோடு செய்தி வரும்: இத்தனை பேர் முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள், தேவனுக்கே மகிமை.

கை தூக்கின பிள்ளைகளோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்ர கோபம் அந்த எண்ணுறவரோட.

மிஷனரி அழைப்பு என்று ஒன்று கிடையாது என்று நிறுவ நான் இதை எழுதவில்லை. இருக்கு என்று நம்புறவள்தான் நான். ஆனால் ஒருத்தன்ர நெஞ்சுக்குள்ள மட்டும் கேட்ட ஒரு குரலை, அதுவும் பாட்டும் அழுகையுமாய் இருந்த ஒரு இரவில் கேட்டதை, "இது தேவ அழைப்பு" என்று அறிவிக்கிற உரிமை எந்தச் சபைக்கும் இல்லை. அதை வேற ஆக்களும் கேட்டிருக்க வேணும். முக்கியமாய், அந்த அழைப்புக்கு விலை கொடுக்கப்போற ஆக்கள்.

அழைப்பைச் சோதிச்சுப் பாக்கிறதுக்கு எங்கட சபைகளில் மூன்று கேள்விகள் வழக்கத்தில் இருக்கு. வசனம் கிடைச்சதா? வாசல் திறந்ததா? மனசில சமாதானம் இருக்கா? வசனத்தைப் பற்றி நீட்டிக் கதைக்கத் தேவையில்லை. "போ" என்று வருகிற இடங்கள் வேதாகமத்தில் ஏராளம். கண்ணை மூடித் திறந்தால் ஒன்று அகப்படும். ஆனால் மாற்கு 5ஆம் அதிகாரத்தில் பிசாசு நீங்கின ஒருத்தன், உம்மோடேயே வாறன் என்று இயேசுவைக் கெஞ்சுகிறான். அவர் விடவில்லை. உன்ர வீட்டுக்கு, உன்ர சனத்திட்டப் போ என்று திருப்பி அனுப்புகிறார். முகாமின் கடைசி இரவில் இந்தப் பகுதியை ஒருத்தரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

வாசல் விசயம் சுவாரசியமானது, அதுவும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு. 1806 ஓகஸ்டில், அமெரிக்காவின் மசச்சூசெட்ஸில், வில்லியம்ஸ் கல்லூரியில் படித்த ஐந்து மாணவர்கள் இடிமழைக்கு ஒரு வைக்கோற்போர் ஓரமாய் ஒதுங்கி, ஆசியாவுக்குச் சுவிசேஷம் கொண்டு போறதைப் பற்றிக் கதைத்து ஜெபித்தார்கள். எங்களைப் போல கம்பஸ் பெடியள்தான். அமெரிக்க மிஷன் இயக்கமே அந்த வைக்கோற்போரில் இருந்துதான் தொடங்கினது என்று சொல்வார்கள். சொல்லாமல் விடுறது என்னவென்றால், அந்த ஐந்து பேரில் ஹார்வி லூமிஸ் என்றவர் இந்த யோசனைக்கு அப்பவே உடன்படவில்லை. அவர் பிறகு உள்ளூரிலேயே மெய்ன் மாநிலத்தில் போதகராய் இருந்தார். முன்னுக்கு நின்று எல்லாரையும் தூண்டிவிட்ட சாமுவேல் மில்ஸ் ஆசியாவுக்கு வரவேயில்லை. ஐந்து பேரில் மிஷனரியாகக் கடல்கடந்து வந்தவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஒருவர்தான். அவர் வந்த இடம் யாழ்ப்பாணம். 1816இல் வந்தார், 1822இல் இங்கேயே இறந்தார். ஒரே வைக்கோற்போர், ஒரே மழை, ஐந்து விதமான வாழ்க்கை. லூமிஸ் கீழ்ப்படியாதவர் என்று சொல்ல ஆருக்காவது துணிவு இருக்கா?

சரி, யாழ்ப்பாணம் எப்படி வந்தது? 1812இல் முதல் அமெரிக்க மிஷனரிகள் கல்கத்தாவில் போய் இறங்கினபோது கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை இருக்க விடவில்லை. அடோனிராம் ஜட்சன் கடைசியில் பர்மாவுக்குப் போனார். சாமுவேல் நியூவெல் மனைவி ஹரியட்டோடு மொறிசியஸ் போற வழியில் அவர்களுடைய குழந்தை இறந்தது. அங்கே போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் ஹரியட்டும் இறந்தார். அவருக்கு வயது 19, எங்கட முதலாம் வருசப் பிள்ளைகளின் வயது. அதுக்குப் பிறகு இலங்கைக்கு வந்த நியூவெல், இங்கே மிஷன் தொடங்கலாம் என்று எழுதினார். அமெரிக்கன் மிஷன் எங்கட ஊருக்கு வந்ததுக்கு ஒரு வியாபாரக் கம்பனி "ஏலாது" என்று சொன்னதும் ஒரு காரணம். மூடின வாசலை அவர்கள் "வேற இடத்துக்குப் போ" என்று வாசித்தார்கள்.

ஆனால் 1820இல் இலங்கையில் இருந்த பிரித்தானிய அரசாங்கம், புதிதாக ஒரு அமெரிக்க மிஷனரியும் வரக்கூடாது என்று தடை போட்டது. அச்சடிக்க வந்த ஜேம்ஸ் கரெட்டையே திருப்பி அனுப்பினது. அதுவும் மூடின வாசல்தானே? இந்த முறை அவர்கள் மூட்டை கட்டவில்லை. மனுக் கொடுத்தார்கள், 1833இல் தடை நீங்கும்வரை இருக்கிற ஆக்களோடு சமாளித்தார்கள். இரண்டு முடிவும் சரியாய் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அவர்கள் வைத்த பள்ளிக்கூடங்களில் படித்த அம்மம்மாமாரின் பேரப்பிள்ளைகள்தான் எங்களில் கனபேர். ஆனால் ஒன்று விளங்க வேணும். வாசல் தானாய்க் கதைக்காது, ஆரோ ஒருத்தர் இருந்து அதை வாசிக்கிறார். ஸ்கொலர்ஷிப் கிடைச்சது, விசா கிடைச்சது, ஆகவே கர்த்தர் அனுப்புறார் என்று சொல்லும்போது, அந்த வாசிப்பை ஆர் செய்தது, அவருக்கு அதில என்ன ஆதாயம் என்றும் கேட்கத்தான் வேணும்.

இனி "மனசில சமாதானம்". இதுதான் எனக்கு மிகவும் பயமான கேள்வி, ஏனென்றால் ஆருடைய மனசு என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நவீன மிஷனின் தந்தை என்று எல்லாரும் சொல்லுற வில்லியம் கேரி, செருப்புத் தைத்துக்கொண்டே போதகராய் இருந்த மனுசன். 1793இல் இந்தியாவுக்குப் போவதென்று முடிவெடுத்தார். மனைவி டொரத்தி நிறைமாதக் கர்ப்பிணி, பிள்ளைகள் சின்னதுகள். அவர் வரமாட்டன் என்றார். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். அனுமதிப் பத்திரம் இல்லாததால் அந்தக் கப்பலில் இருந்து இறக்கிவிட்டார்கள். (இதுவும் ஒரு மூடின வாசல். இதைத் தேவ சித்தத்துக்கு எதிரான அடையாளமாய் ஒருத்தரும் வாசிக்கவில்லை.) வேற கப்பலில் ஏறுறதுக்கு முதல் திரும்ப வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். டொரத்தி பிள்ளை பெற்றுக் கொஞ்ச நாள்தான். திரும்பவும் மாட்டன் என்றார். கேரியோடு போகவிருந்த ஜோன் தோமஸ், நீங்கள் வராவிட்டால் வாழ்நாள் முழுக்க வருந்துவீங்கள் என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். தங்கச்சியும் கூட வந்தால் வாறன் என்று டொரத்தி வந்தார்.

1794இல் வங்காளத்தில் அவர்களுடைய ஐந்து வயது மகன் பீற்றர் வயிற்றுளைச்சலில் இறந்தான். டொரத்தியின் மனநிலை குலைந்தது. கணவர் மீது இல்லாத சந்தேகங்கள், கத்தல், கோபம். 1807இல் இறக்கும்வரை அவர் அதிலிருந்து மீளவில்லை. கனகாலம் அறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தார். பக்கத்து அறையில் கேரி வேதாகமம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த மொழிபெயர்ப்புகளின் பெறுமதியை நான் குறைக்கவில்லை. ஆனால் கேரியின் சாட்சியை மேடையில் சொல்லுற ஆக்கள், டொரத்தியை "மனைவியின் சுகவீனத்தின் மத்தியிலும்" என்ற ஒரு சொற்றொடருக்குள் அடக்கிவிட்டுப் போகிறார்கள். அவர் இரண்டு தரம் சொன்ன "மாட்டன்" அழைப்பைச் சோதிக்கிற ஒரு குரலாய் ஏன் எடுக்கப்படவில்லை? கர்த்தர் கணவனோடு மட்டுந்தான் பேசுவாரா?

இது 200 வருசத்துக்கு முந்தின கதை என்று தள்ள ஏலாது. என்ர பட்ச்சில் ஒருத்தன் இருந்தான். தாய் தையல் தைத்துப் படிப்பித்த பிள்ளை, குடும்பத்தில் முதலாவதாய்க் கம்பஸுக்கு வந்தவன். இரண்டாம் வருசத்தில் ஒரு முகாமில் கை தூக்கினான். ஆறு மாதத்துக்குள் படிப்பை விட்டிட்டு ஒரு வேதாகமப் பயிற்சிக்குப் போனான். தாய் அழுதுகொண்டு போதகரிட்டப் போய்க் கேட்டபோது, "கலப்பையில கை வச்சவன் திரும்பிப் பாக்கக்கூடாது அம்மா" என்று பதில் வந்தது. ஒரு வருசத்தில் அவன் திரும்பி வந்திட்டான். மூன்றாம் வருசத்துக்குள் திரும்பச் சேர அலைஞ்ச அலைச்சல் ஒரு பக்கம். அதைவிடப் பெரிசு, தான் கர்த்தருக்குத் துரோகம் செய்தவன் என்று அவன் இண்டைக்கும் நம்புறது. அவன்ர கையை எண்ணினவர், திரும்பி வந்த பிறகு ஒரு கோல் எடுக்கவில்லை.

இதுக்குப் பதிலாய் எப்பவும் பவுலைத்தான் கொண்டு வருவினம். பவுல் ஒரு மனுசரிட்டயும் ஆலோசனை கேட்காமல் போனார், கலாத்தியரில் இருக்கு என்பினம். இருக்கு, முதலாம் அதிகாரத்தில். தயவுசெய்து அடுத்த பக்கத்தையும் வாசியுங்கோ. மூன்று வருசத்துக்குப் பிறகு எருசலேமுக்குப் போகிறார். 14 வருசத்துக்குப் பிறகு திரும்பவும் போய், தான் ஓடுறது வீண் ஓட்டமாய்ப் போய்விடக்கூடாது என்று, தன்ர பிரசங்கத்தை அங்கே இருந்த மூத்தவர்கள் முன்னால் வைக்கிறார். தமஸ்கு வழியில் வெளிச்சத்தைக் கண்டவருக்கே, பட்டணத்துக்குள்ள போ, மிச்சத்தை அங்கே சொல்லுவினம் என்றுதான் கட்டளை. சொல்ல வந்தவர் அனனியா, அவரும் முதலில் தயங்கினவர். பிறகு அந்தியோகியாவில் உபவாசித்துக்கொண்டிருந்த சபைக்குத்தான் ஆவியானவர் பேசுகிறார்: பர்னபாவையும் சவுலையும் பிரிச்சு விடுங்கோ என்று. இவ்வளவு பேர் கேட்ட பிறகுதான் பவுல் கப்பலேறினார். எங்கட பிள்ளைகளுக்கு ஒரு கீபோர்ட் போதும் என்று ஆர் தீர்மானிச்சது?

பிந்தினால் அழைப்பு அழிஞ்சு போகும் என்ற பயத்தையும் இவையள்தான் விதைக்கிறது. உடுவில் மகளிர் பள்ளிக்கூடத்தை ஏறத்தாழ 40 வருசம் நடத்தின எலைசா அக்னியூவின் கதை யாழ்ப்பாணத்தில் கனபேருக்குத் தெரியும். எட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் உலகப்படம் பார்த்த நாளில், மிஷனரியாய்ப் போக நினைத்தவர் என்று சொல்வார்கள். வீட்டுப் பொறுப்புகள் முடியும்வரை போகவில்லை. 1840இல் இங்கே வந்து இறங்கேக்க அவருக்கு 32 வயது. அதுக்குப் பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பவேயில்லை. கோவாவில் இருந்த யோசவ்வாஸ் அடிகளும் இலங்கைக்குப் போகத் தன்னை ஒப்புக்கொடுத்தபோது, திருச்சபை முதலில் அவரைக் கனராவுக்கு அனுப்பினது. போனார். வருசங்கள் கழித்து, 1687இல்தான் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில்.

யோசவ்வாஸ் அடிகளில் எனக்குப் பிடிச்சது இன்னொன்று. அவர் வந்தபோது இங்கே ஒளிச்சு ஒளிச்சு ஜெபம் சொல்லிக்கொண்டு, ஒரு குருவானவர் வரமாட்டாரா என்று இருந்த சனம் இருந்தது. வந்து நோயில் விழுந்தவரைப் பார்த்ததும் இந்த ஊர்ச் சனந்தான். பவுலின் தரிசனத்திலும் கூப்பிட்டது மக்கெதோனியாக்காரன், அதாவது மற்றக் கரையில் இருக்கிறவன். (போய்ப் பாத்தால் ஆற்றங்கரையில் இருந்து கேட்டது பெண்கள். கனவில வந்த ஆம்பிளையைக் காணேல்ல.) எங்கட முகாம்களில் மற்றக் கரையில் இருந்து ஒரு சத்தமும் வாறதில்லை. "மீள்குடியேறின கிராமங்களுக்கு எனக்குப் பாரம் இருக்கு" என்று சாட்சி சொல்லுறாய், நல்லது. அந்தக் கிராமத்தில் ஒரு ஆளின்ர பெயராவது உனக்குத் தெரியுமா? காணி இன்னும் கிடைக்காமல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு இருக்கிற ஒரு அம்மாவிட்டப் போய், உங்களுக்கு என்ன வேணும் என்று முதலில் கேட்டியா, அல்லது பாட்டுப் புத்தகத்தோடும் கமராவோடும் இறங்கினியா?

ஆகவே சபைகளிட்டக் கேட்கிறன். கை தூக்கச் சொல்லுறதை முகாமின் கடைசி இரவில் இருந்து எடுங்கோ. எண்ணுறதையும் போட்டோ போடுறதையும் நிப்பாட்டுங்கோ. அழைப்பு வந்திருக்கு என்று ஒரு பிள்ளை சொன்னால், டிகிரி முடியட்டும் என்று சொல்லுங்கோ. அதுவரை, உங்கட சபையில் சம்பளம் எடுக்காத, அந்தப் பிள்ளை போனாலும் நின்றாலும் ஒரு லாபநட்டமும் இல்லாத ஒரு ஆளோடு மாதம் ஒருக்கா இருந்து கதைக்க விடுங்கோ. கலியாணம் கட்டினவர் என்றால் மனைவியைத் தனியாய்க் கூப்பிட்டு, கணவன் பக்கத்தில் இல்லாமல் கேளுங்கோ. அவ மாட்டன் என்றால் அதை எழுதி வையுங்கோ. அம்மாவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கோ, கடன் எவ்வளவு என்று கேளுங்கோ. போற இடத்தில் மூன்று மாதம் ஒன்றும் பிரசங்கிக்காமல் இருந்திட்டு வரச் சொல்லுங்கோ, அந்த ஊர்ச் சனத்திட்டயும் கேளுங்கோ. போன பிள்ளை திரும்பி வந்தால் ஸ்டேஷனுக்குப் போய் ஏத்திக்கொண்டு வாங்கோ.

அடுத்த ஆவணியிலும் முகாம் வைக்கிறதாய் நோட்டீஸ் வந்திருக்கு. கடைசி இரவுக்கு "அர்ப்பணிப்பின் இரவு" என்று இப்பவே பெயர் போட்டிருக்கினம்.