எண்ணெய்க் கறை ஏறிய அலமாரிக் கதவு: பெயின்ட் நிற்க என்ன வழி?

காத்திவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீடு கட்டி 25 வருடம் ஆகிறது. சமையலறையில் கடப்பைக் கல் மேடைக்குக் கீழே மரச்சட்டம் அடித்து, பிளைவுட் கதவுகள் போட்டிருக்கிறார்கள். மொத்தம் பத்துக் கதவு. முதலில் பச்சை எனாமல், அதற்கு மேல் இரண்டு முறை கிரீம் கலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. எண்ணூர்ப் பக்கம் பல வீடுகளுக்கு நேர்ந்ததுபோலவே, தண்ணீரோடு கறுப்பு எண்ணெயும் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு துடைத்துவிட்டு, கறைக்கு மேலேயே பெயின்ட் அடித்தார்கள். மூன்று மாதத்தில் கீழ்ப்பகுதியில் பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தது. பிறகு கொப்பளம், இப்போது செதில் செதிலாக உரிகிறது. கடைக்காரர் இன்னொரு கோட் அடிக்கச் சொல்கிறார். மாடுலர் கிச்சன் போடுகிறவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். வீட்டிலேயே அடித்து, ஆள் வைத்து அடித்ததுபோல வழவழவென்று கொண்டுவர முடியுமா என்பது கேள்வி. வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள், வாசனை அவளுக்கு ஆகுமா என்றும் கேட்டிருக்கிறார்.

முடியும். பத்துக் கதவையும் மாற்ற வேண்டியதில்லை. இன்னொரு கோட் அடிப்பதும் வீண். எண்ணெய் உள்ளே இருக்கிறவரை எத்தனை கோட் அடித்தாலும் அது மேலே வரும். ஆனால் பேத்தி விஷயத்தில் பயப்பட வேண்டியது புதுப் பெயின்டின் வாசனைக்கு அல்ல, அடியில் கிடக்கிற பழைய பச்சைக்குத்தான்.

இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் தாராளமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பளீர் நிறத்தைக் கொடுத்ததே பெரும்பாலும் ஈயம் கலந்த நிறப்பொருள்தான். பெயின்ட் கெட்டியாக ஒட்டியிருக்கிறவரை அது சும்மா இருக்கும். உரிந்து விழும்போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளாக்கும்போதும்தான் ஆபத்து. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கிற வயசுக் குழந்தைக்கு, உள்ளே போகிற ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உடம்பில் சேரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது. மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்; வெளியே பார்த்தால் தெரியாது.

கீழ்க் கதவுகள் குழந்தையின் உயரத்தில் செதில் விட்டுக்கொண்டிருப்பதால், வேலை தொடங்கும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, உரியும் பகுதியில் அகலமான டேப்பை ஒட்டி மூடிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும். குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னால், தேவைப்பட்டால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்வார். கதவு வேலை நடக்கிற நாட்களில் பேத்தியையும், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

மாடு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கன்றுகளுக்கு ஈய விஷம் ஏறுவதற்குக் கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகிக்கிற இரண்டு பொருட்கள், பழைய பேட்டரியும் பழைய பெயின்டும். கதவைச் சுரண்டிய செதிலைக் கொல்லையில் கொட்டினால் கோழி கொத்தும், கன்று நக்கும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசப் பரணில் கிடக்கிற பழைய டப்பாவை எடுப்பவர்கள், அது எந்த வருடத்து டப்பா என்று பார்ப்பது நல்லது. ஒரு மாடு இன்னொரு மாட்டின் கொம்பை நக்கத்தான் செய்யும்.

ஆகவே முதல் விதி: உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. நெருப்பு காட்டியும் உரிக்கக் கூடாது. கதவுகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் கீல் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி நம்பர் போட வேண்டும். சட்டத்திலும் அதே நம்பர். இதைச் செய்யாதவர்கள் கடைசி நாளில் பத்துக் கதவையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்துத் தவிப்பார்கள். பிறகு கதவுகளை வெளியே, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, 120 நம்பர் வாட்டர் பேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துத் தேய்க்கலாம். தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளைவுட் குடித்துவிடும். தெளிப்பான் பாட்டிலால் ஒரு கை அகலத்துக்கு நனைத்து, தேய்த்து, உடனே துடைக்க வேண்டும். நன்றாகப் பிடித்திருக்கிற பழைய பெயின்டை முழுக்க உரிக்க வேண்டியதில்லை. அதன் பளபளப்பு போனாலே போதும். அதன் மேல் புதுப் பூச்சு போட்டு மூடிவிடுவதுதான் பாதுகாப்பு. உரிகிற இடத்தை மட்டும் கெட்டியான ஓரம் வரும்வரை எடுக்கலாம். விரிப்பு, செதில், துடைத்த துணி எல்லாவற்றையும் பையில் கட்டித் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். அழுக்குத் தண்ணீர் கீரைப் பாத்தியிலோ கிணற்றுப் பக்கத்திலோ விழக் கூடாது. ஈயம் மண்ணில் விழுந்தால் அங்கேயே கிடக்கும்.

ஆனால் இதற்கும் முன்னால் எண்ணெய் போக வேண்டும். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால், உப்புத்தாள் அதை மரத்துக்குள் அழுத்திவிடும். கச்சா எண்ணெய் சோப்புக்கு மட்டும் மசியாது. டர்பன்டைன் நனைத்த துணியால், துணியை மாற்றி மாற்றி, கறை இறங்குவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பிளைவுட்டின் வெட்டு ஓரம்தான் அதிகம் குடித்திருக்கும். அங்கே சாக்பீஸ் தூளை டர்பன்டைனில் குழைத்துப் பற்றுப்போல அப்பி, இரவெல்லாம் விட்டு, காலையில் உதிர்த்தால் தூள் எண்ணெயை இழுத்திருக்கும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரலாம். அடுத்து, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சலவை சோடா போதும். இந்தத் துணிகளைக் குவித்து வைக்காமல், தண்ணீர் நிரப்பிய டின்னில் போட வேண்டும். அடுப்பு எரிகிற சமையலறையில் டர்பன்டைன் டப்பாவைத் திறக்கவே கூடாது.

கடைசியாக நல்ல தண்ணீரால் ஒரு துடைப்பு. இங்கேதான் காத்திவாக்கம்காரர்கள் ஏமாறுவார்கள். மீஞ்சூர் தொடங்கி இந்தக் கரை முழுக்க நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. போர் தண்ணீரில் துடைத்தால் பெயின்டுக்கு அடியில் உப்பைப் பூசுகிற மாதிரி. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பெயின்டைத் தூக்கும், கொப்பளம் வரும். போன முறை கொப்பளம் வந்ததில் எண்ணெய்க்கு இருக்கிற பங்கு இதற்கும் இருக்கலாம். கடைசித் துடைப்புக்கு மட்டும் ஒரு குடம் மெட்ரோ தண்ணீர் எடுத்து வைக்கலாம்.

இப்போது கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். கீழ் ஓரம் தடித்து, அடுக்குகள் புத்தகத் தாள்போல விரிந்திருந்தால் அந்தக் கதவைப் பெயின்ட் காப்பாற்றாது. அதை மட்டும் மாற்றலாம். வாங்கும்போது சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டைத் தவிர்த்து, ஐஎஸ் 710 முத்திரை உள்ள பலகையைக் கேட்க வேண்டும். மற்றவை மூன்று நான்கு நாள் நிழலில், காற்றில் நின்று காயட்டும்.

காய்ந்த பிறகும் கறையின் நிழல் தெரியும். அதை அடைக்கிறது அரக்கு. தச்சர்கள் பாலிஷுக்கு வாங்குகிற அதே அரக்குச் செதில்தான். ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் 200 கிராம் போட்டு இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கறை உள்ள இடத்திலும் எல்லா வெட்டு ஓரங்களிலும் இரண்டு கை பூசினால் எண்ணெய் மேலே வராது. புரசு, இலந்தை மரங்களில் பூச்சியை வளர்த்து ஜார்க்கண்ட் விவசாயிகள் எடுக்கிற பொருள் இது. இந்த அரக்கை ஆராய்வதற்கென்றே 1924இல் ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். கடையில் விற்கிற விலை உயர்ந்த கறை தடுக்கும் பிரைமர்கள் சிலவற்றிலும் உள்ளே இருப்பது இதுதான்.

அரக்கு காய்ந்ததும் 320 தாளால் லேசாக ஒரு தடவு, பிறகு மர பிரைமர். ஒரு நாள் விட்டு, குழிகளுக்குப் பட்டி. பட்டி காய்ந்த பின் தேய்த்து, மறுபடி ஒரு பிரைமர். ஆள் வைத்து அடித்த மாதிரி வருவது இந்தக் கட்டத்தில்தான். கையை வைத்துத் தடவினால் விரல் எங்கும் தடுக்கக் கூடாது. தடுக்கிற இடம் பெயின்ட் அடித்த பிறகு இன்னும் பெரிதாகத் தெரியும். பளபளப்பு எதையும் மறைக்காது, காட்டிக் கொடுக்கும்.

மேல் பெயின்டுக்குத் தண்ணீரில் கரைகிற எனாமல் நல்லது. வாசனை குறைவு, வெள்ளை, கிரீம் நிறங்கள் மூடிய அறையில் மஞ்சளாவதும் இல்லை. எண்ணெய் எனாமலுக்கு அந்தக் குணம் உண்டு. டப்பாவில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றரைக்கு இரண்டடிக் கதவு பத்து என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 60 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு 120. ஒரு லிட்டர் ஏறக்குறைய சரியாக இருக்கும். பழைய வேட்டித் துணியில் பெயின்டை வடிகட்டி, கதவைப் படுக்கவைத்து, நான்கு அங்குல ஃபோம் ரோலரால் மெல்லிதாக அடித்து, உடனே காலி பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் இழுத்துவிட வேண்டும். இழுத்த இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. தடிமனான ஒரு கோட்டைவிட மெல்லிய மூன்று கோட் மேல். கோட்டுகளுக்கு நடுவே 400 வாட்டர் பேப்பர்.

நேரம் முக்கியம். பனி விலகிய பிறகு தொடங்கி, கடல்காற்று எழுவதற்குள் முடிக்கலாம். காற்று வந்தால் உப்பும், அந்தப் பக்கத்துக்கே உரிய சாம்பல் தூளும் ஈரப் பெயின்டில் உட்காரும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இலேயே மூடப்பட்டாலும் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சாயங்காலம் பல்பைப் போட்டு அடித்தால் ஈசல் ஒட்டும். மாதம் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம்.

திருவொற்றியூர்ப் பக்கம் லாரிப் பட்டறைகளில் ஸ்பிரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேய்த்து, பிரைமர் போட்ட கதவுகளை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் அடித்துத் தருவார்கள். ஈரமான நாளில் டூக்கோ அடித்தால் வெளுத்துப் போகும், அதை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்பிரே இருந்தால்தான் நேர்த்தி வரும் என்று இல்லை. அதே திருவொற்றியூரில் 1955இல் வந்த என்ஃபீல்டு தொழிற்சாலையில், புல்லட் டேங்க்கின் தங்கக் கோட்டைப் பிரஷ் பிடித்துக் கையாலேயே போட்டுப் பேர் வாங்கியிருக்கிறார்கள்.

கீல்களுக்கும் திருகுகளுக்கும் துருப்பிடிக்காத எஃகு வாங்குவது கட்டாயம். இரும்புத் திருகு ஒரே மழைக்காலத்தில் புதுப் பெயின்டில் சிவப்புக் கோடு இழுக்கும். திருகு பிடிக்காமல் ஓட்டை பெருத்திருந்தால், பசை தோய்த்த இரண்டு வத்திக்குச்சிகளை உள்ளே செருகி உடைத்துவிட்டுத் திருகலாம். விம்கோ நகர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் கெட்டிப்பட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது.

இதே பெயின்ட் விஷயமாகத் திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர், தாத்தா காலத்துப் பத்தாயத்துக்கு உள்ளும் புறமும் எனாமல் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வெளியே அடிக்கலாம், மேலே சொன்ன ஈரத் தேய்ப்பு முறையில். உள்ளே வேண்டாம். நெல் உராய்ந்து உராய்ந்து பூச்சு தூளாகி, நெல்லோடு வந்துவிடும். உள்பக்கம் வெறும் மரமாகவே இருக்கட்டும். வேப்பிலை, நொச்சி போடுகிற பழக்கம் இருந்தால் அதைத் தொடரலாம். ஏற்கெனவே யாராவது உள்ளே பழைய பெயின்ட் அடித்திருந்தால், அதில் சாப்பாட்டு நெல்லைக் கொட்டாமல் சாக்கு, கயிறு, மண்வெட்டி வைத்துக்கொள்ளலாம். வெளியே புதிதாக அடித்த பத்தாயத்தை மூன்று வாரமாவது திறந்து போட்டு, வாசனை முழுக்கப் போன பிறகு நெல் கொட்டலாம்.