குளத்தின் ஓரத்தை விட்டுவையுங்கள்

கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஏரியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஏரி என்றதும் நம் கண் நடுத் தண்ணீரின் மேல்தான் போகிறது. படகு போவதும் அங்கேதான். கரையை ஒட்டிய, ஆழமில்லாத, சேறு நிறைந்த ஓரத்தை யார் கவனிக்கிறார்கள்? மாணவ நண்பர்களே, எந்த ஏரி குளத்திலும் நீர்ச்செடிகள் பிறந்து வளரும் இடம் பெரும்பாலும் அந்த ஓரம்தான். ஓரத்தை அழித்துவிட்டு, ‘அல்லிப் பூவைக் காணோமே!’ என்று வருந்துவதில் பயன் இல்லை என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

அல்லியின் கிழங்கு சேற்றில் இருக்கிறது; காம்பு தண்ணீரில் இருக்கிறது; இலை காற்றைத் தொட்டு மிதக்கிறது. சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு. அப்படியானால் கிழங்கு எப்படிச் சுவாசிக்கிறது? அல்லி இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் தெரியும். அவை காற்றுக் குழாய்கள். நிலத்துச் செடிகள் பலவற்றில் இலைத்துளைகள் அடிப்புறத்தில் மிகுதி. மிதக்கும் அல்லி இலையிலோ அவை மேற்புறத்தில் இருக்கின்றன.

அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த நூஃபார் என்ற மஞ்சள் பூச்செடியை ஜான் டேசி என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் ஆராய்ந்து, 1980-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். வெயில் பட்டதும் இளம் இலைகளுக்குள் காற்றின் அழுத்தம் சற்றே கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பு வழியே கிழங்குக்குத் தள்ளுகிறது. பிறகு அக்காற்று முதிர்ந்த இலைகளின் வழியே வெளியேறுகிறது. இவ்வாறு ஒரே காம்பின் வழியாக நாளொன்றுக்கு 22 லிட்டர் வரை காற்று இறங்குவதாக அவர் கணக்கிட்டார். மோட்டார் இல்லாத பம்பு என்றே இதைச் சொல்லலாம்!

இந்தப் பம்பு வேலை செய்ய இலை தண்ணீர்மட்டத்தை எட்ட வேண்டும். இலை எட்டுவதற்கு முன், விதையிலிருந்து முளைத்த கன்றுக்குச் சூரிய ஒளி எட்ட வேண்டும். அல்லியின் காய் தண்ணீருக்குள்ளேயே முற்றுகிறது. விதைகள் சிறிது காலம் மிதந்து, பின்பு அமிழ்ந்துவிடுகின்றன. கலங்கலான ஆழத்தில் அமிழ்ந்த விதைக்கு வாழ்வு ஏது? ஆகவே, அல்லிக்குத் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. தகுந்த ஆழத்தில் இருக்க வேண்டும்.

இடம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. 1987-இல் ருவாண்டா நாட்டின் மஷ்யூசா என்ற இடத்தில் எபர்ஹார்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் மிகச் சிறிய ஓர் அல்லியைக் கண்டார். அதன் இலை 1 சென்டிமீட்டர் அகலம்கூட இருக்கும். வெந்நீர் ஊற்று வழிந்து ஆறிய ஈரச் சேறுதான் அதன் வீடு. நிம்பேயா தெர்மாரம் என்று அதற்குப் பெயரிட்டனர். ஊற்றுநீரை வேறு பக்கம் திருப்பியதும் சேறு உலர்ந்தது. 2008-இல் செடி அங்கே மறைந்துபோனது.

விதைகள் ஜெர்மனியின் பான் தாவரவியல் பூங்காவில் காப்பாற்றப்பட்டிருந்தன. ஆனால் மற்ற அல்லிகளைப் போலத் தண்ணீருக்குள் ஆழமாக வைத்தபோது கன்றுகள் தேறவில்லை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் கார்லோஸ் மக்தலேனா, தொட்டி மண்ணும் தண்ணீர்மட்டமும் ஒன்றாக இருக்கும்படி வைத்து, காற்றிலுள்ள கரியமில வாயு கன்றுக்குக் கிடைக்கச் செய்தார். 2009-இல் செடி பூத்தது. 2023-இல் ருவாண்டாவிலேயே சில செடிகள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. அத்தனை பேரின் உழைப்பும் ஒரு சிறிய சேற்றுப் பரப்பு தந்துவந்ததைத் திரும்பப் பெறுவதற்காகத்தான்!

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? குளத்தைத் தூர்வாருகிறோம். நான்கு பக்கமும் ஒரே ஆழமாகத் தோண்டி, செங்குத்தாகக் கற்சுவர் எழுப்புகிறோம். ஆகாயத்தாமரையை அகற்றும்போது அல்லியையும் களை என்று சேர்த்து வாரி எறிகிறோம். ‘தூர்வாராவிட்டால் கோடையில் பயிருக்குத் தண்ணீர் ஏது?’ என்று உழவர் கேட்பார். நியாயமான கேள்விதான். தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழமாக்கட்டும். ஒரு பக்கக் கரையை மட்டும் படிப்படியாகச் சரியும்படி விடட்டும். அந்த மூலையின் சேற்றையும் அதிலுள்ள கிழங்குகளையும் தொடாமல் இருக்கட்டும். இதனால் குறையும் தண்ணீர் கொஞ்சமே. பிழைக்கும் உயிர்களோ ஏராளம்.

உங்கள் ஊர்க் குளத்துக்குப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். நீளமான கழியில் அடிக்கோல் போலக் கோடிட்டு, கரையில் நின்றபடியே ஆழத்தை அளந்து பாருங்கள். அல்லி எந்த ஆழத்தில் இருக்கிறது, எந்த ஆழத்தில் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை குளத்தைத் தூர்வாரும் பேச்சு எழும்போது, அந்தக் குறிப்பேட்டை ஊர்க்கூட்டத்தில் எடுத்துக் காட்டுங்கள்.